கேட்ட ஒலியும் காணாத காரணமும்

விளைவைக் கொண்டு காரணத்தை அறிவது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற கேள்வி, கடவுள் உண்டு என்று நிறுவ முயன்றவர்களுக்கும் அதை மறுத்தவர்களுக்கும் பொதுவானது. உலகம் என்னும் விளைவு கண்முன் கிடக்கிறது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதோ எந்தப் புலனுக்கும் எட்டுவதில்லை. இடையே உள்ள தொலைவைக் கடக்க ஒரு சாரார் நம்புவதும் மறுசாரார் ஐயுறுவதும் அநுமானத்தையே. அநுமானம் என்பது தமிழ் அளவை நூல்கள் 'கருதல்' என்று வழங்கும் அறிவு. புலப்பட்ட ஒன்றை அடையாளமாகக் கொண்டு, அதனோடு என்றும் பிரியாதிருக்கும் புலப்படாத ஒன்றை உணர்வது. மலையில் புகை கண்டு நெருப்பை உணர்தல் இதற்கு ஏறத்தாழ எல்லா நூல்களும் காட்டும் எடுத்துக்காட்டு. ஆயினும் புகையும் நெருப்பும் மிக எளிய இணை. அநுமானத்தின் வலிமையை அது காட்டுமே தவிர, அநுமானம் தடுமாறும் இடங்களைக் காட்டாது. ஒரே அடையாளத்துக்குப் பல காரணங்கள் போட்டியிட, அவற்றுள் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாதிருக்க, தவறான காரணத்தைத் தேர்ந்தால் பொருளிழப்பும் நேர்கின்ற ஒரு வழக்கை எடுத்துக்கொண்டால்தான் இந்த அறிவின் உண்மையான எல்லை புலப்படும். பழைய கார் ஒன்றின் என்ஜினில் இனம் தெரியாமல் எழும் ஒலி அத்தகைய வழக்கு.

இந்த ஆராய்ச்சிக்குக் கே.ஜி.கண்டிகையை நிலைக்களமாகக் கொள்வது வசதி கருதி மட்டும் அன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூருக்கு ஒரு பக்கம் முருகனின் ஐந்தாம் படைவீடான திருத்தணி மலையும், மறுபக்கம் 108 திவ்விய தேசங்களுள் திருக்கடிகை எனப் போற்றப்படும் சோளிங்கர் யோக நரசிம்மர் மலையும் இருக்கின்றன. உலகைக் கொண்டு இறைவனைக் கருதி அறியலாம் என்பது சைவ சித்தாந்தத்தின் நிலை. அவ்வாறு அறிய இயலாது, சாத்திரம் ஒன்றே வழி என்பது இராமாநுசரின் நிலை. ஆகவே இரு தரிசனங்களுக்கும் உரிய தலங்களுக்கு இடையே இந்தச் சாலை ஓடுகிறது. மேலும், தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் திருத்தணியைச் சேர்ந்தவர். அவருடைய ஆசிரியரும் 1785இல் மறைந்தவருமான சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கித் தந்தவர். 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனோ, அறிவின் வழிகளுள் உள்ளுணர்வுக்குத் தனி இடம் உண்டு என்று வாதிட்டவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்த எல்லைப் போராட்டத்தை நினைவுகூரும் அளவுக்கு இவ்வட்டாரத்தின் தருக்க மரபை எவரும் நினைவுகூர்வதில்லை என்பது குறையே.

இனி வழக்குக்கு வரலாம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1958 முதல் 2014 வரை தயாரித்த அம்பாசிடர் காரில் நெடுங்காலம் இருந்தது, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அதில் வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கும். அவற்றைத் திறக்கும் கேம் தண்டு கீழே பிளாக்குக்குள் இருக்கும். கேமின் தள்ளுதல் டாப்பெட், புஷ் ராடு, ராக்கர் என்ற வரிசையில் மேலேறி வால்வை அடையும். ராக்கரின் முனைக்கும் வால்வின் தலைக்கும் இடையே அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சுமார் 15 பங்கு இடைவெளி விடப்படுகிறது. தேய்மானத்தால் அது கூடும்போது ராக்கர் வால்வின் மேல் அடித்து விழுந்து, கேட்டுப் பழகியவர்கள் 'டாப்பெட் சத்தம்' என்னும் மெல்லிய தட்டொலி பிறக்கிறது. கேம் தண்டு, பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், நிமிடத்துக்கு 800 சுற்றில் என்ஜின் நின்று ஓடும்போது ஒரு டாப்பெட் 400 முறை தட்டும். பிஸ்டனைக் கிராங்க்கோடு பிணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனைப் பேரிங், அதாவது பிக் எண்ட், தேய்ந்திருந்தால் எழும் ஒலி வேறு: கீழிருந்து வரும், கனமானது, ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டுச் சட்டென்று விடும்போது 'டொக் டொக்' என்று தெளிவாகக் கேட்பது. பிஸ்டன் சிலிண்டரின் சுவரில் சாய்ந்து அடிப்பது என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடேறியபின் அடங்கும். எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் கேஸ்கட் கிழிந்து புகை பீறிடும் ஒலியும் சூடேறும்போது உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் குறையும். அதனாலேயே இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறுவது உண்டு. இயந்திர முறையில் இயங்கும் பெட்ரோல் பம்பின் நெம்புகோலையும் கேம் தண்டே தள்ளுவதால், அதன் தேய்ந்த முனை டாப்பெட் தட்டும் அதே பாதி வேகத்தில் தட்டும்.

இந்த ஒலிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுவது எளிது. ஓடும் என்ஜினில் பிரித்தறிவதுதான் கடினம். இரும்பில் ஒலி, காற்றில் செல்வதைப் போல் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பரவுவதால், ஓரிடத்தில் பிறந்த தட்டல் பிளாக் முழுவதும் கேட்கிறது. கேட்ட இடமே பிறந்த இடம் என்று கொள்ள முடியாது. ஆகவே மெக்கானிக் நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் கூர்முனையை வால்வு மூடி, பம்பின் அடிப்பகுதி, என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பின் பக்கம் என ஒவ்வோரிடமாக ஊன்றி, அதன் பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்கிறார். காற்று வழியே கலந்து வந்த ஓசைகள் விலகி, உலோகத்தின் வழியே வருவது மட்டும் தனித்து நிற்கிறது. அதன்பின் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுகிறார். மூன்றாம் சிலிண்டரின் வயரைக் கழற்றியவுடன் தட்டல் மங்கி, மாட்டியவுடன் மீண்டால், அந்தச் சிலிண்டரில் வெடிப்பின் அழுத்தம் நீங்கியபோது ஒலியும் நீங்கிற்று என்பதால், பழுது அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங்கில் என்று முடிவு செய்யப்படுகிறது. எந்த வயரைக் கழற்றினாலும் ஒலி மாறவில்லை என்றால், வெடிப்போடு தொடர்பற்ற கேம் பக்கத்துக் காரணத்தைத் தேட வேண்டும். டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்த பின்னும் அது தொடர்ந்தால், பெட்ரோல் பம்பைக் கழற்றி, அது இருந்த துளையைத் தகட்டால் மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் எஞ்சிய பெட்ரோலைக் கொண்டே என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பதுண்டு. ஒலி நின்றால் வழக்கு முடிந்தது. இந்த ஒழுங்கைப் பின்பற்றாமல் பிக் எண்ட் என்று முதலிலேயே தீர்மானித்து, கிராங்க்கை இறக்கித் தேய்த்து, அதற்கேற்ற பேரிங்குகளைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடி வாங்கிப் பூட்டியபின், பழைய தட்டல் பம்பிலிருந்து அப்படியே கேட்டால், இழப்பு முழுவதும் காரின் உரிமையாளருக்கே.

இங்கு நடந்தவற்றுள் ஒன்றும் தமிழ் அளவை நூல்களுக்குப் புதிது அன்று. வயரை மாட்டியபோது ஒலி உண்டு என்பது அந்நுவயம், அதாவது உடன்பாட்டுத் தொடர்பு. கழற்றியபோது ஒலி இல்லை என்பது வெதிரேகம், அதாவது எதிர்மறைத் தொடர்பு. இரண்டும் சேர்ந்தே ஓர் ஏதுவுக்கு வலிமை தருகின்றன. ஒன்றை விலக்கியபின் எஞ்சியதைக் கொள்வது ஒழிபு. ஒலியைக் கொண்டு கருதும் எடுத்துக்காட்டும் பழையதே. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி அநுமானத்தைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாக வகுத்துச் சொல்லும்போது, காட்டில் யானையின் குரலைக் கேட்டவன் அங்கே யானை உண்டு என்று உணர்வதைப் பொதுவுக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறான். இதில் கவனிக்க வேண்டியது, குரலைக் கேட்டவனுக்கு யானை உண்டு என்பது மட்டுமே தெரிகிறது. அது எந்த யானை, ஒன்றா பலவா, அருகில் உள்ளதா மலையில் மோதி வந்த எதிரொலியா என்பன தெரிவதில்லை. கருதல் 'உண்டு' என்பதைத் தருவதில் வல்லது. 'இன்னது' என்பதைத் தருவதில் மெலிந்தது. அதே காதை அளவையின் பிழைகளாக எட்டை எண்ணுகிறது. அவற்றுள் இரண்டு மெக்கானிக்கின் தொழிலுக்கென்றே எழுதியவை போல் இருக்கின்றன. நட்டு வைத்த கம்பத்தை ஆராயாமலே ஆள் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். காரணம் ஏதுமின்றிப் பிறர் சொன்னதை அப்படியே மனத்தில் கொள்வது நினைப்பு. கார் உரிமையாளர் பட்டறைக்குள் நுழையும்போதே "பிக் எண்ட் போயிடுச்சாம்" என்று சொல்லிவிட, அதன் பிறகு எழும் ஒவ்வொரு ஒலியும் பிக் எண்ட் ஒலியாகவே கேட்பது பின்னதன் விளைவு.

அடையாளம் காரணத்தைக் காட்டும் என்பதால் காரணம் எப்போதும் அடையாளத்தைத் தரும் என்று ஆகாது. நையாயிகர், அதாவது நியாய தரிசனத்தார், இதை உபாதி என்ற கருத்தால் விளக்குவர். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இல்லை. ஈர விறகு இருந்தால்தான் புகை. அந்த ஈர விறகே உபாதி, அதாவது சொல்லாமல் மறைந்து நிற்கும் நிபந்தனை. பேரிங் தேய்வும் அப்படித்தான்: என்ஜின் குளிர்ந்து ஆயில் தடிப்பாக இருக்கும்போது தேய்ந்த பேரிங்கும் ஓசையின்றி ஓடும், ஆயில் சூடேறி இளகிய பிறகே தட்டும். பழைய கார் விற்போர் சிலர் வழக்கத்தைவிடத் தடித்த ஆயிலை ஊற்றி ஒலியை அடக்கி வைப்பது இந்த உபாதியை அறிந்துதான். தருக்க நூல் படிக்காமலே அதைத் தவறாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆகவே ஒலி கேட்கவில்லை என்பது பழுது இல்லை என்பதற்குப் போதிய சான்று ஆகாது. இருந்தால் நிச்சயம் கேட்டிருக்கும் என்ற நிலையில் கேட்காதிருந்தால் மட்டுமே அது சான்று. வடமொழித் தருக்கர் இதை யோக்கிய அநுபலப்தி என்பர். தகுதியுள்ள பொருள் புலப்படாமை என்பது அதன் பொருள்.

சமய வாதத்தில் இக்கருத்தின் பயன் பெரிது. காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்ட உலகாயதர், இறைவன் காணப்படாமையால் இல்லை என்றனர். உதயணர் நியாய குசுமாஞ்சலியில் இதற்குத் தந்த மறுப்பு மேற்கூறிய தகுதியையே அடிப்படையாகக் கொண்டது: காணத் தகுந்த பொருள் காணப்படாவிட்டால்தான் இன்மை நிறுவப்படும், காணத் தகாததன் காணாமையால் எதுவும் நிறுவப்படாது. இந்த மறுப்பு செல்லும். ஆனால் அது உலகாயதரின் வாயை அடைக்கிறதே ஒழிய, ஆத்திகரின் கையில் புதிதாக எதையும் தந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தடித்த ஆயிலால் ஒலி அடங்கியிருக்கலாம் என்பது பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் ஆகாதல்லவா?

ஆத்திகர் தரும் ஆக்கமான வாதத்தைச் சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்தில் காணலாம். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்னும் மூன்று தொழில்களை உடையது. ஆகவே அது செய்யப்பட்டது. ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தோன்றுவதால், ஒடுக்குபவனே அதற்கு முதல் என்கிறார் மெய்கண்டார். அவர் மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதைக் குடத்துக்கு மண் முதற்காரணமும், தண்டும் சக்கரமும் துணைக்காரணமும், குயவன் நிமித்த காரணமும் ஆவதுபோல என்று விரிக்கிறார். மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். (இந்த வகுப்பைத் தட்டும் என்ஜினுக்குப் பொருத்தினால் தேய்ந்த உலோகம் முதற்காரணம், இளகிப்போன ஆயில் துணைக்காரணம், மாதக்கணக்கில் ஆயில் மாற்றாத உரிமையாளரே நிமித்த காரணம்.) இந்த வாதத்தின் மேல் விழுந்த மிகக் கடுமையான அடி நாத்திகரிடமிருந்து வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர், பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், பிரமத்தை அறியச் சாத்திரமே மூலம் என்று கூறும் மூன்றாம் சூத்திரத்தை விளக்கும்போது, செய்பொருளைக் கொண்டு செய்தவனைக் கருதினால், உலகில் கண்டது போன்ற செய்தவனைத்தான் கருத முடியும் என்று வாதிடுகிறார். அத்தகையவன் உடல் உள்ளவன். குறைந்த ஆற்றல் உள்ளவன். பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுவதால், உலகையும் பலர் பல காலங்களில் செய்திருக்கலாம் என்ற முடிவையும் தடுக்க இயலாது. காட்டில் குரல் கேட்டவன் ஒரு யானை என்றோ ஒரு கூட்டம் என்றோ சொல்ல முடியாத நிலையே இது.

இராமாநுசரின் மறுப்பு சித்தாந்தத்தை வீழ்த்திவிட்டது என்று கொள்வது அவசரம். மெய்கண்டார் 12 சூத்திரங்களை எழுதியவர். முதலாவதோடு நின்றவர் அல்லர். ஆறாம் சூத்திரத்தில், புலனறிவால் சுட்டி அறியப்படும் பொருளாக இறைவனைக் கொண்டால் அவன் அழியும் பொருள்களுள் ஒன்றாகிவிடுவான் என்றும், எவ்வாற்றானும் அறியப்படாதவன் என்றால் இல்பொருளாகிவிடுவான் என்றும் இரு பக்கமும் தடுத்து, ஒன்பதாம் சூத்திரத்தில் ஞானக்கண்ணால் உணர்தலைக் கூறுகிறார். சித்தியாரும் பிறர் கூறும் பத்து அளவைகளையும் எடுத்தோதி, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. உரை என்பது ஆகமம். ஆகவே கருதல் அங்கே தொடக்கப் படி. அதன் மேல் நின்று அனைத்தையும் நிறுவிவிடலாம் என்று ஆசிரியர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் பிற்காலத்து மேடைப் பேச்சாளர்களே.

ஞானக்கண் என்ற இடத்தில்தான் இராதாகிருஷ்ணனின் கொள்கை குறுக்கிடுகிறது. 1929இல் அவர் நிகழ்த்திய ஹிப்பர்ட் சொற்பொழிவுகள் 1932இல் வாழ்வைப் பற்றிய கருத்தியல் நோக்கை விளக்கும் நூலாக வெளிவந்தன. அதில் அவர், உள்ளுணர்வு அறிவுக்கு எதிரானதன்று, நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் ஒருமித்து எழுவது, அறிவியலாரின் கண்டுபிடிப்பிலும் அதுவே செயல்படுகிறது என்று காட்டியபின், சமய அனுபவம் தனக்குத் தானே சான்றாவது என்றார். முதற்பகுதிக்குத் தேர்ந்த மெக்கானிக்கைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. பல ஆண்டு பழகிய காது, கார் வாசலில் வந்து நிற்பதற்குள் "மூணாவது ராடு" என்று சொல்லிவிடுகிறது. சொல்பவருக்கு ஏது, எடுத்துக்காட்டு எதுவும் நினைவில் எழுவதில்லை. நையாயிகர் இதற்கு இரண்டு விளக்கங்களுக்கு இடம் தருகின்றனர். நூறு தாமரை இதழ்களை அடுக்கி ஊசியால் குத்தினால், ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்தாலும் ஒரே நொடியில் துளைத்ததாகத் தோன்றும். அதுபோல அநுமானத்தின் படிகள் விரைவால் மறைகின்றன என்பது ஒன்று. தூரத்தில் சந்தனக்கட்டையைக் கண்டவுடன் அதன் மணத்தையும் சேர்த்தே காண்பதுபோல, முன்னறிவின் துணையால் காட்சியே விரிகிறது என்பது மற்றொன்று. எதைக் கொண்டாலும், அந்த அறிவு எழும் விதத்தில் இராதாகிருஷ்ணன் சொன்னது சரி.

தனக்குத் தானே சான்று என்ற இரண்டாம் பகுதியை அவ்வாறு ஏற்க முடியாது. ஓர் அறிவு மெய் என்பது அந்த அறிவிலேயே விளங்கும் என்பது மீமாம்சகர் கொள்கை. அதனால் தூண்டப்பட்டுச் செயலில் இறங்கியவன் பயன் பெற்றபோதுதான் விளங்கும் என்பது நையாயிகர் கொள்கை. நீர் என்று அறிந்தது நீர்தான் என்பதைத் தணிந்த தாகம் சொல்கிறது. ஒத்த அனுபவமுள்ள இரு மெக்கானிக்குகள் ஒரே ஒலியைக் கேட்டு, ஒருவர் ராடு என்றும் மற்றவர் பம்பு என்றும் சம உறுதியோடு சொல்லும்போது, இருவர் உள்ளத்திலும் உள்ளது ஒரே தெளிவு; தீர்ப்பைத் தருவது அந்தத் தெளிவு அன்று, சம்பைக் கழற்றியபின் கையில் வரும் பேரிங். திறந்து பார்க்கும் வாய்ப்பு என்ஜினுக்கு உண்டு, உலகத்துக்கு இல்லை என்பது இருவகை அநுமானங்களையும் பிரிக்கும் கோடு. அதனால் சமய அனுபவம் பொய் என்று முடிந்துவிடாது. சித்தியார் அநுமானத்தைத் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என்று இரண்டாக வகுக்கிறது. தான் தெளிவதற்கு ஆவது முன்னது, பிறரைத் தெளிவிக்க ஏதுவும் எடுத்துக்காட்டும் காட்டி நிறுவுவது பின்னது. அடியாரின் அனுபவம் தன்பொருட்டு முழு வலிமை உடையது. அதையே பிறர்பொருட்டு என்று மாற்றி, ஏற்காதவரை அறியாதவர் என்று ஒதுக்கும்போது அது தன் எல்லையைக் கடக்கிறது. இராதாகிருஷ்ணனின் நூலில் இந்த எல்லை போதிய அளவு வரையப்படவில்லை என்பதே அவர் மீது வைக்கத்தக்க குறை. அவர் பிறந்த வட்டாரத்திலேயே அதை வரைவதற்கான கருவிகள் தமிழில் இருந்தன.

சித்தியாரைப் பயிலத் தொடங்குவோர், கடினம் என்று அஞ்சி அதன் முகப்பிலுள்ள அளவைப் பகுதியைத் தள்ளிவைக்காமல், மணிமேகலையின் 27ஆம் காதையோடும், காஞ்சியில் அறவண அடிகள் பௌத்த அளவையைக் கற்பிக்கும் 29ஆம் காதையோடும் சேர்த்து முதலில் அதைப் படிக்க வேண்டும். முதல் சூத்திரத்துக்கு அதன் பிறகு வரலாம்.